குறைவா, வேகமா? முன்சூல்வலிப்பில் கருப்பைக் குருதியோட்டம்: ஒரு மறுவாசிப்பு

முன்சூல்வலிப்பில் நஞ்சுக்கொடிக்கு வந்துசேரும் குருதியின் அளவு குறைகிறது, தாயின் குருதியில் காணும் உயிர்வேதி மாற்றங்களுக்கு அக்குறைவே மூலம் என்ற கருத்து நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. கருப்பைத் தமனியின் டாப்ளர் வரைவில் துடிப்புக் குறியீடு உயர்ந்திருந்தால் அதையே சான்றாகக் காட்டுவதும் வழக்கம். ஆனால் அக்குறியீடு குருதியின் அளவைச் சொல்வதில்லை. உச்ச வேகத்துக்கும் தாழ் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரி வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் அது. அதைக் கொண்டு அளவுக் குறைவை நிறுவ முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதில் திருப்பிப் படிக்கவேண்டியது, பர்ட்டனும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கணித மாதிரி. சுருள் தமனியின் விரியாத பகுதியில் குருதி விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இயல்பான கர்ப்பத்தில் தமனியின் வாய் புனல்போல் விரிவதால் அவ்வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டராகத் தணிகிறது. வாய் விரிவதால் வரத்து பெரிதாகக் கூடுவதில்லை, மேலே உள்ள ஒடுங்கிய பகுதியே அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அளவுக் குறைவுக்கு இதைத் துணைக்கழைப்போர் இந்த இரண்டாம் முடிவைக் கடந்துபோய்விடுகிறார்கள். மடைவாய் அகலாத வாய்க்காலில் நீர் வற்றுவதில்லை, கரையை அரிக்கிறது. வாய் விரியாத தமனியிலிருந்து பீறிடும் குருதி நஞ்சுக்கொடியின் விரலிகளைச் சிதைக்கிறது. தமனிச் சுவரில் எஞ்சிய தசை அவ்வப்போது சுருங்குவதால் ஓட்டம் தடைபட்டு மீள்கிறது. அப்படி மீளும்போதெல்லாம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏறுகிறது. இந்த அழுத்தத்துக்கு உள்ளான விரலிகளின் மேலுறையே எஸ்எஃப்எல்டி-1 புரதத்தை மிகுதியாக வெளிவிடுகிறது எனக் கொள்வது பொருந்தும். கருமாஞ்சி குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், இப்புரதம் மிகுந்தபோது கருவுறாத எலிகளிலும் குருதியழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் உயர்ந்தன. அப்படியானால் தாயின் நோய்க்குறிகள் தோன்ற நஞ்சுக்கொடியின் வரத்து குறைந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

கணித மாதிரி நேரடி அளவீடாகாது என்ற தடையை ஏற்கிறேன். எனினும் எதிர்த்தரப்பு நம்பியிருக்கும் டாப்ளர் விகிதமும் அளவின் நேரடி அளவீடன்று. பெருந்தமனியை இறுக்கிய எலிகளில் நோய் தோன்றுவது, அதுவும் ஒரு வழி என்று காட்டுமே தவிர, பெண்களிடம் அதுவே வழி என்று காட்டாது. 37 வாரத்துக்குப் பின் வரும் முன்சூல்வலிப்பில் பலருக்குக் கருப்பைத் தமனி டாப்ளர் இயல்பாகவே இருப்பதுதான் வலுவான தடை. ஆனால் அது என் வாசிப்பைவிட அளவுக் கொள்கையையே அதிகம் பாதிக்கிறது. முதிர்ந்த நஞ்சுக்கொடி வேறு வழியிலும் அதே அழுத்தத்துக்கு உள்ளாகலாம். 2017இல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில் 150 மி.கி. ஆஸ்பிரின், 37 வாரத்துக்கு முந்தைய நோயை 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைத்தது. பிந்தைய நோயைக் குறைக்கவில்லை. வழிகள் பல என்பதோடு இது இசைகிறது.

ஆகவே டாப்ளரையும் எஸ்எஃப்எல்டி-1, பிஎல்ஜிஎஃப் விகிதத்தையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகக் கருதுவது தவறு. முன்னது தமனியின் நிலையையும், பின்னது நஞ்சுக்கொடி படும் அழுத்தத்தையும் சொல்கின்றன. குருதியழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணை, டாப்ளர் இயல்பு என்ற ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்புவதற்கு இச்சான்றுகளில் இடமில்லை.