வேட்பாளர் தெரிவுக் குழு (அறிவியல் கழகங்கள்)

வேட்பாளர் தெரிவுக் குழு என்பது ஓர் அறிவியல் கழகத்தின் தலைவர், செயலாளர், ஆட்சிக்குழு உறுப்பினர் முதலிய பொறுப்புகளுக்குத் தகுதியானவர்களை ஆராய்ந்து, அவர்களின் பெயர்களை முன்வைக்கும் குழு ஆகும். வாக்களிப்போர் உறுப்பினர்களே எனினும், வாக்குச்சீட்டில் எப்பெயர்கள் இடம்பெறும் என்பதைப் பெரும்பாலும் இக்குழுவே முடிவு செய்கிறது. தேர்தலின் போக்கு பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுவதால், சில கழகங்கள் இக்குழுவின் இடங்களையும் தேர்தலுக்கு விட்டுள்ளன.

பின்னணி

தலைமை மாறும் முறை கழகத்துக்குக் கழகம் பெரிதும் வேறுபடுகிறது. சர் சி. வி. இராமன் 1934 இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவி, 1970 இல் இறக்கும் வரை 36 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். நிறுவனரின் ஆளுமையே கழகத்தைத் தாங்கி நின்ற காலம் அது. அவருக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் டி. எஸ். சதாசிவன் 1971 முதல் 1973 வரை தலைமை வகித்தார். அதன் பின்னர் மூன்றாண்டுப் பதவிக்காலமே வழக்கமாயிற்று.

இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆட்சிக்குழு ஒருவரின் பெயரை முன்மொழிய, உறுப்பினர்கள் வாக்களித்து ஒப்புதல் அளிக்கின்றனர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் இவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015 முதல் 2020 வரை அதன் தலைவராக இருந்தார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தில் இப்பணிக்கெனச் சிறப்புக் குழு ஒன்று உண்டு. இறுதி முடிவு பொதுப்பேரவையினுடையது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1979 இல் இவ்வொன்றியத்தின் தலைவரானார். பதவிக்காலம் முடியும் தறுவாயில், 1982 ஆகஸ்டில் அவர் காலமானார்.

குழுவுக்கான தேர்தல்

அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தில் வேட்பாளர் தெரிவுக் குழுவின் உறுப்பினர்களை அனைத்து உறுப்பினர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அமெரிக்க இயற்பியல் கழகத்திலோ இக்குழுவின் அடுத்த தலைவர் பதவி பொதுத்தேர்தலில் நிரப்பப்படுகிறது. அங்கு துணைத்தலைவராக வெல்பவர் படிப்படியாகத் தலைவர் ஆவதால், அவர் பெயரைத் தேடித் தருபவரின் பொறுப்பு சிறியதன்று.

போட்டியிடுவோர் தம் வாழ்க்கைக் குறிப்பையும் கழகம் எத்திசையில் செல்ல வேண்டும் என்ற சுருக்கமான அறிக்கையையும் அளிக்கின்றனர். அரசியல் தேர்தலைப் போன்ற ஆரவாரம் இங்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இக்குழுவுக்குப் போட்டியிடுவோரின் பெயர்களையும் அதே குழுவே முன்வைக்கிறது. இவ்வட்டத்தை உடைப்பதற்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்களின் கையொப்பம் பெற்று மனு மூலம் போட்டியிடும் வழியை ஐ.இ.இ.இ., ஏ.சி.எம். போன்ற அமைப்புகள் வைத்துள்ளன.

பணிகள்

பெயர்களைத் திரட்டுதல், உரியவரின் இசைவைப் பெறுதல், துறை, வட்டாரம், பாலினம், பணியிடம் ஆகியவற்றில் சமநிலை பேணுதல் ஆகியன குழுவின் முதன்மைப் பணிகள் ஆகும். பெயர் பெற்ற அறிவியலாளர் பலர் நேரமின்மையால் மறுத்துவிடுவதால், இசைவு பெறுவதே கடினமான பணி ஆகும். விவாதங்கள் மறைவாக வைக்கப்படுகின்றன.

விமர்சனங்கள்

முன்மொழிவோர் தமக்கு அறிமுகமானவர்களையே முன்மொழிகின்றனர் என்பது நெடுநாளைய குறை. 1848 இல் தோன்றிய அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் முதல் பெண் தலைவராகக் கணிதவியலாளர் மினா ரீஸ் 1971 இல் தான் பொறுப்பேற்றார். 1899 இல் தொடங்கிய அமெரிக்க இயற்பியல் கழகத்துக்கு 1975 இல் சியென்-சியுங் வூ முதல் பெண் தலைவர் ஆனார். 1935 இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய அறிவியல் அகாதமி, சந்திரிமா சாகா 2020 இல் பதவியேற்கும் வரை 85 ஆண்டுகள் காத்திருந்தது.