வணங்கும் மலையும் வழங்கும் மலையும்



ஜப்பான் நாட்டின் பியூஜி மலையைப் படத்திலேனும் காணாதார் உங்களுள் இரார். 3,776 மீட்டர் உயர்ந்து, உச்சியில் பனி போர்த்து நிற்கும் எரிமலை அது. 1707-ஆம் ஆண்டில் இறுதியாக நெருப்பைக் கக்கியது. அந்நாட்டு மக்கள் அதனைத் தெய்வத்தன்மை வாய்ந்ததாகப் போற்றுகின்றனர். நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் அவ்வாறு போற்றப்பெறும் மலை ஒன்று உண்டு. அது பழனி.

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒரு மாணவன், "ஐயா, முருகன் கோயில் இருப்பதும் பழனிமலை, கோடைக்கானல் இருப்பதும் பழனிமலை என்கிறது புத்தகம். இரண்டும் ஒன்றா?" என்று வினவினான். நல்ல வினா! அதற்கு அன்று நான் சொன்ன விடையையே சற்று விரித்து இன்று உங்களுக்கும் கூறுகின்றேன்.

கோயில் விளங்கும் குன்று, சமவெளியில் தனித்து நிற்பது. அதன் உயரம் சுமார் 450 அடி. படிகள் ஏறக்குறைய 700. அதற்குத் தெற்கே சுவர்போல் எழுவது பழனிமலைத் தொடர். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்ட கிளை அது. அதன் முகடுகள் சில 2,500 மீட்டருக்கும் மேற்பட்டவை. சிறிய குன்றின் பெயரே பெரிய மலைத்தொடருக்கும் வழங்கலாயிற்று. என்ன வியப்பு!

இப்பெருமை குன்றிற்கு எவ்வாறு வந்தது? அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார், ஆவி என்னும் வேளிர் தலைவனுக்குரிய பொதினியைக் குறிப்பிடுகின்றார். அப்பெயரே பழனி எனத் திரிந்தது என்பர் அறிஞர். மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகனும் ஆவியர் குடியினனே. திருமுருகாற்றுப்படை, அடிவாரத்துத் திருவாவினன்குடியை முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றது. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடினார். இரு குன்றுகளை இடும்பன் தோளில் சுமந்து வந்த கதை காவடி வழிபாட்டிற்கு மூலமாயிற்று. கடல் கடந்து சென்ற தமிழர் அக்காவடியை மலேசியாவின் பத்துமலைக்கும் கொண்டு சென்றனர். இவ்வாறு குன்றை உயர்த்தியவை புலவர் நாவும் அடியவர் காலும் ஆகும். எங்கள் ஆத்தூரை அடுத்த செம்பட்டிச் சாலையில், தைப்பூசத்தை ஒட்டி நடந்து செல்வோர் கூட்டத்தை ஆண்டுதோறும் காண்கின்றேன்.

ஆனால் அவ்வடியவர் நீராடும் சண்முகநதி எங்கே பிறக்கிறது? கோயில் குன்றிலன்று, பின்னால் நிற்கும் பெருமலையில். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்திற்கு நீர் தருவதும் அம்மலையின் கீழ்ச்சரிவே. திண்டுக்கல் நகர மக்கள் பருகுவது அந்நீர். மலைமேலுள்ள சோலைக்காடும் புல்வெளியும் கடற்பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சி, சிறிது சிறிதாகக் கசியவிடும். ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த தைலமரமும் சீகை மரமும் பிற்காலத்தில் பெருமளவில் நடப்பெற்று, அப்புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டன. நீர்த்தேக்கம் வற்றி, குடமேந்திய பெண்கள் நெடுந்தொலைவு நடந்த கோடைகளை நான் கண்டிருக்கின்றேன்.

இங்கே பியூஜி நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. அம்மலையின் பனியும் மழையும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையினூடே இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிப்படும். அவற்றில் உடலைத் தூய்மை செய்துகொண்டே அக்காலத்து அடியவர் மலையேறினர். 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பியூஜியை உலகப் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றபோது, சிகரத்தை மட்டும் ஏற்கவில்லை. கோயில்கள், ஏரிகள், ஊற்றுகள், அருவி என 25 பகுதிகளையும் சேர்த்தே ஏற்றது. நீரையும் மலையையும் அவர்கள் பிரித்து எண்ணவில்லை.

அதே 2013-இல் நம் மலைத்தொடரின் காடுகளும் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றன. ஆணை பிறந்துவிட்டது, அதனை வாழ்விக்க வேண்டியவர்கள் நாம். சண்முகநதிக் கரையில் துணிகளையும் நெகிழிப் பைகளையும் எறிந்துவிட்டுப் படியேறுவது வழிபாடாகுமா? குளிரில் மயில் நடுங்குமே என்று தன் போர்வையைத் தந்தவன் ஆண்ட நாடு இது!

மாணவர்களே, அடுத்த முறை பழனிக்குச் செல்லும்போது, குன்றின் உச்சியில் முருகனை வணங்கிய பின், சற்றே தெற்கு நோக்கித் திரும்பி நில்லுங்கள். அங்கே நீலமாய்த் தோன்றும் நெடுமலையையும் ஒருமுறை கைகூப்பி வணங்குங்கள். நீங்கள் பருகும் நீர் அங்கிருந்து வருவது.