தலையெழுத்தை எழுதியவர் யார்?

"குற்றம் என்றால் என்ன?" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, பேச்சை நீங்களே தொடங்கி வையுங்கள் என்று அரங்க ஏற்பாட்டாளர்கள் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நான் வழக்கறிஞர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா, கையில் ஓர் ஒலிவாங்கி, அவ்வளவுதான் என் தகுதி. ஆகவே சட்டப் புத்தகத்தைத் திறக்காமல், நம் ஜோர்ஜ்டவுன் தெருவிலிருந்தே தொடங்குகிறேன்.

லெபோ பார்குஹாரில் இருக்கும் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயத்தைப் பார்க்காத பினாங்குக்காரர் இருக்க முடியாது. வெள்ளைத் தூண்கள், பசும்புல் தரை. திருமணப் படம் எடுக்க வருபவர்களின் கூட்டம் வேறு. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடம் அது. அதற்கு மண் சுமந்து சுவர் எழுப்பியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள்!

1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். சில ஆண்டுகளிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி இதைக் கைதிகளின் தீவாகவும் ஆக்கிக்கொண்டது. 1796இல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளையும் இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள். காடு வெட்டவும் சாலை போடவும் ஆள் வேண்டும். கூலி கொடுக்க மனமில்லை. அப்படியானால் தண்டனைதான் மலிவு! வேடிக்கை என்னவென்றால், கைதிகள் வந்து இறங்கிய அந்நாட்களில் இந்தத் தீவில் முறையான நீதிமன்றமே கிடையாது. அரச சாசனத்தின்படி நீதிமன்றம் வந்தது 1807இல்தான். சட்டம் வருவதற்கு முன்பே கைதி வந்துவிட்டான்.

அப்படி வந்தவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். அவன் பெயர் துரைசாமி. சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவின் மகன்.

மருது சகோதரர்களை நமக்குத் தெரியும். 1801 ஜூனில் கம்பெனிக்கு எதிராக எல்லாச் சாதியினரும் எழ வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டவர்கள். அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் அவர்களைத் தூக்கிலிட்டார்கள். குடும்பத்து ஆண்களையும் விட்டு வைக்கவில்லை. துரைசாமிக்கு அப்போது ஏறக்குறைய பதினைந்து வயது. 1802 பிப்ரவரி 11ஆம் நாள், 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பலில், தூத்துக்குடியிலிருந்து 73 பேரைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தப் பையனும் ஒருவன்.

கம்பெனியின் ஏட்டில் இவர்கள் கலகக்காரர்கள். சிவகங்கையில் இன்று மருது சகோதரர்களுக்குச் சிலை இருக்கிறது, ஆண்டுதோறும் விழா நடக்கிறது. செயல் ஒன்றுதான். ஏடு எழுதியவன் கை மாறியது, அவ்வளவே!

ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் ஆங்கிலேய இராணுவ அதிகாரி. போருக்கு முன்பு சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவுக்கு எதிராகப் போரிட்டார். துரைசாமி தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருந்தபோது அவனுக்குக் காவலாக இருந்தவரும் இவர்தான். வெல்ஷ் 1818இல் பினாங்குக்கு வருகிறார். ஒருநாள் தள்ளாடிய நிலையில் ஒரு கிழவன் அவர் முன்னால் வந்து நிற்கிறான். யாரப்பா நீ என்று கேட்கிறார். பெயரைச் சொன்னதும் வெல்ஷுக்கு நெஞ்சில் கத்தி பாய்ந்தது போலிருந்ததாம். 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் 'கிழவனுக்கு' அப்போது முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோதான்! இந்த இடத்தைப் படித்த அன்று நான் கண்ணாடி முன் போய் நின்றேன். என் வயதும் கிட்டத்தட்ட அதுதான். அதே 1818இல்தான் தேவாலயமும் எழுந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துரைசாமி அங்கே கல் சுமந்தானா என்றெல்லாம் கேட்காதீர்கள். அவன் நடந்த தெருக்கள்தான் நாம் இன்று கார் நிறுத்த இடம் தேடி அலையும் தெருக்கள்.

அக்காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆயுள் கைதியின் நெற்றியில் அவன் செய்த குற்றத்தைப் பச்சை குத்திவிடுவார்கள். வங்காளத்தில் இதற்கு 1797இல் விதியே வகுத்தார்கள். சென்னை மாகாணத்திலும் நடந்தது. தப்பி ஓடினாலும் அடையாளம் தெரிய வேண்டுமாம். 'தலையெழுத்து' என்று நம் பாட்டிமார் சொல்வதைப் பிரம்மாவிடமிருந்து கம்பெனியே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது போல! 1849இல்தான் அதை நிறுத்தினார்கள்.

எல்லாமே கொடுமை என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் நகரம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது? நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் பட்டர்வொர்த். அவர் காலத்தில், 1845இல், கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்து விதிகள் செய்தார்கள். ஒழுங்காக நடந்துகொண்டால் மேல் வகுப்புக்கு ஏறலாம். கைதிகளிலேயே சிலரைக் காவலர்களாக்கினார்கள். முதல் வகுப்பை எட்டியவன் அனுமதிச் சீட்டோடு ஊருக்குள் தங்கி, தொழில் செய்து பிழைக்கலாம். அன்றைய இங்கிலாந்துச் சிறைகளை நினைத்தால் இது எவ்வளவோ மேல். நெற்றியில் எழுதியதும் அதே அரசுதான், ஏணி வைத்ததும் அதே அரசுதான்.

அடுத்து 1867 ஆகஸ்ட். பத்து நாள் கலவரம் ஜோர்ஜ்டவுனை உலுக்கியது. ஒரு பக்கம் கீ ஹின் சீனர் சங்கமும் வெள்ளைக் கொடியும். மறுபக்கம் தோ பே கோங் சங்கமும் சிவப்புக் கொடியும். கொடிக் கூட்டங்களில் மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஆக, இனச்சண்டை என்று இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதுவரை இந்தச் சங்கங்கள்தாம் கப்பலில் வந்திறங்கியவனுக்கு வேலை தேடிக் கொடுத்தன, செத்தவனை அடக்கம் செய்தன. கலவரத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அமைத்தார்கள். 1869இல் சங்கங்களைப் பதியும் சட்டம் வந்தது. 1890இல் இரகசியச் சங்கங்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. முதல் நாள் வரை சங்க உறுப்பினராக இருந்தவன் மறுநாள் காலையில் குற்றவாளி.

நம் தோட்டப்புறத்தையும் மறந்துவிட முடியுமா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடையை மூடுதல் என்று கோரிக்கைகள் நீண்டன. அதில் ஒன்று, துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. ஆமாம், தோட்டத்தில் சைக்கிளில் உட்கார்ந்திருப்பதே ஒரு குற்றம்! போராட்டத்தின் தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1802இல் தமிழனை இங்கே அனுப்பியது தண்டனை. 1941இல் தமிழனை இங்கிருந்து அனுப்பியதும் தண்டனை. கப்பல் மட்டும் திசை மாறியது.

நாடு கடத்தும் பழக்கம் மெர்டேக்காவோடு போய்விடவில்லை. 1959இல் நாமே ஒரு நாடு கடத்தல் சட்டம் இயற்றினோம். அதோடு, சந்தேக நபரை வேறு மாவட்டத்தில் கட்டாயமாகக் குடியிருக்க வைக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வைத்துக்கொண்டோம். இரண்டும் 2011இல்தான் இரத்தாயின. ஆனால் 2014இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம் குற்றத் தடுப்புச் சட்டம், விசாரணை இல்லாமலேயே ஒருவரை ஈராண்டு தடுத்து வைக்க ஒரு வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2013 ஆகஸ்டில், உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றார்கள். மக்கள் தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்! அந்த எண்ணைக் கேட்டு நம் வீடுகளில் இரண்டே விதமாகப் பேசினார்கள். "நம்ம பசங்க கெட்டுப் போயிட்டாங்க" என்பது ஒன்று. "நம்மை வேண்டுமென்றே அப்படிக் காட்டுறாங்க" என்பது மற்றொன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, நகர ஓரத்துக்கு வந்து சேர்ந்த குடும்பத்தின் பையனுக்கு யார் வேலை கொடுத்தார்கள், யார் 'அண்ணன்' ஆனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. கீ ஹின் அன்று செய்ததைத்தான் இன்று எண்களைப் பெயராக வைத்திருக்கும் கும்பல்கள் செய்கின்றன என்பது என் எண்ணம். இதைச் சொன்னால் குண்டர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் கோபிக்கலாம். கத்தியால் வெட்டப்பட்டவனின் தாயை நானும் பேட்டி கண்டிருக்கிறேன். அந்த அழுகைக்கு என்னிடம் பதில் கிடையாது.

என் பங்கையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பையனைப் பற்றி ஒரு செய்தித் தொகுப்பு செய்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். அவன் இன்னும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவே இல்லை. அவன் படத்துக்குக் கீழே 'கொள்ளையன்' என்று எழுத்து ஓடியது. எழுதியது நான்தான். விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று எழுதினேன். ஐந்து மாதம் கழித்து, ஆதாரம் இல்லையென்று அவனை விடுவித்தார்கள். அதற்கு நாங்கள் அரை நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

அவன் அம்மா நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். திட்டுவார் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். திட்டவில்லை. "ஐயா, பையனுக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கல. அந்த எழுத்தை மட்டும் எடுத்துட்டு மறுபடி ஒருக்கா போட முடியுமா?" என்று கேட்டார். மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். பழைய செய்தியை யாரப்பா பார்ப்பார்கள் என்று சிரித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு நான் திரும்ப அழைத்துப் பேசவே இல்லை.

வழக்கறிஞர்கள் காத்திருக்கிறார்கள். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.