முறையீடும் மதிப்பீடும்: சென்னை ஆலைத் தொழிலாளர் வரலாற்றில் மேற்பார்வையாளர் குறித்த பேச்சு

மேலதிகாரியின் பணித்திறனைக் குறித்து அவருக்குக் கீழ்ப் பணியாற்றுவோர் கருத்துரைக்கலாமா என்னும் வினா இன்று மேலாண்மையியல் சார்ந்ததாகவே கருதப்படுகின்றது. நிறுவனங்கள் ஆண்டுதோறும் வழங்கும் மதிப்பீட்டுப் படிவங்களோடுதான் அது பிறந்தது என்னும் எண்ணமும் பரவலாக உள்ளது. தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வினாவிற்கு நூறாண்டு வயது உண்டு. சென்னைப் பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் 1918 முதல் 1922 வரை நிகழ்ந்தவற்றை இக்கோணத்தில் நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தொழிலாளர் தம் மேற்பார்வையாளரைப் பற்றிப் பேசலாம் என்பது படிப்படியாக ஏற்கப்பட்டது. ஆனால் அப்பேச்சு முறையீடாக இருக்கும்வரை மட்டுமே ஏற்கப்பட்டது. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கை எடுத்துரைப்பது முறையீடு. ஒருவர் தம் பொறுப்பை எவ்வாறு ஆற்றுகிறார் என்று கூறுவது மதிப்பீடு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதனால் நேரும் குழப்பம் இன்றைய விவாதங்களிலும் தொடர்கின்றது.

மேஸ்திரி என்னும் வாயில்

பின்னி நிறுவனத்தின் நிருவாகத்தில் இருந்த இவ்வாலைகளில் உயர்பொறுப்புகள் ஐரோப்பியரிடம் இருந்தன. அவர்களுக்கும் தொழிலாளருக்கும் இடையே நின்றவர் மேஸ்திரி. அக்கால இந்திய ஆலைகளில் ஆள் சேர்த்தல், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவற்றில் இத்தகைய இடைநிலையாளரின் சொல்லே பெரிதும் செல்லுபடியாயிற்று. வேலைக்காகவும் உயர்வுக்காகவும் அவர்களுக்குக் கையூட்டு அளிக்கும் வழக்கத்தை 1931 இல் அறிக்கை அளித்த விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் பதிவு செய்துள்ளது. தொழிலாளரைப் பற்றிய செய்தி மேலே செல்ல மேஸ்திரியே வாயில் எனின், மேஸ்திரியைப் பற்றிய செய்தி எவ்வழியே செல்லும்? அதற்கு ஆலைக்குள் வழி இல்லை.

எனவே அது வெளியே சென்றது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆலை ஊழியர் அல்லர். அவர்கள் பங்கேற்ற வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் சமயச் சங்கத்திற்கு வந்த தொழிலாளர் தம் குறைகளை அவர்களிடம் கூறினர். அவ்விருவர் வாயிலாகச் செய்தி பி.பி. வாடியாவை எட்டியது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாக இந்நாள் பலராலும் எழுதப்பட்டுள்ளது. கேட்பவரின் பிழைப்பு மேற்பார்வையாளர் கையில் இல்லை என்பதனாலேயே தொழிலாளர் வாய் திறந்தனர் என்பது அவ்வரலாறுகளில் போதிய அழுத்தம் பெறவில்லை.

அன்று எழுந்த குறைகள் இருவகையின. நீண்ட வேலைநேரமும் குறுகிய உணவு இடைவேளையும் விதியைப் பற்றியவை. ஐரோப்பிய அலுவலரும் மேஸ்திரிகளும் வசைமொழி பேசியதும் கைநீட்டியதும் ஆட்களைப் பற்றியவை. விதியை மாற்ற நிருவாகம் இசையலாம். அதனால் எவருக்கும் தலைகுனிவு இல்லை. இரண்டாம் வகையை ஒப்புக்கொள்வதோ, தான் அமர்த்திய அலுவலரைத் தொழிலாளர் சொல்லின்மேல் கண்டிப்பதாகும். மோதல் கடுமையானதற்கு ஊதியம் மட்டும் காரணம் எனக் கொள்வது பொருந்தாது.

பேசியதற்கு விலை

1920 அக்டோபரில் ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினர் என வாடியா முதலியோர்மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தை விட்டு விலகினார். குறையைக் கேட்டவரையே நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்பதை இவ்வழக்கு நாடு முழுதும் உணர்த்தியது. என்.எம். ஜோஷி 1921 இல் மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தமைக்கு இதுவே உடனடித் தூண்டுகோல். 1926 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 17, 18 ஆம் பிரிவுகள் வழங்கிய காப்பு அதன் பயன்.

1921 வேலைநிறுத்தம் சாதிப் பிளவினாலும் புளியந்தோப்புக் கலவரத்தினாலும் சிதைந்து தோல்வியுற்றது. அதன்பின் 1922 இல் நிருவாகம் ஆலைக்குள்ளேயே பணிக்குழு ஒன்றை அமைத்தது. ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையிலும் அரசு அச்சகங்களிலும் இத்தகைய குழுக்கள் சற்று முன்னரே தோன்றியிருந்தன. மேஸ்திரியைக் கடந்து மேலிடத்தை அடைய ஒரு வழி கிடைத்தது என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆயினும் கேட்பவர் இப்போது வெளியாள் அல்லர், வேலை தருபவரே. சங்கம் வலுவிழந்த வேளையில் இது தோன்றியமை தற்செயல் எனக் கொள்ளுதல் அரிது.

சட்டம் வகுத்த எல்லை

இதன்பின் சட்டம் முறையீட்டின் பக்கமே வளர்ந்தது. முதலாளியோ அவருடைய முகவரோ பணியாளரோ முறையற்று நடத்தினாலும் தகாத வகையில் பொருள் பறித்தாலும் பரிகாரம் தேட வழி இருத்தல் வேண்டும் என்பது 1946 ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றது. மேஸ்திரிக்குக் கொடுத்த கையூட்டு இங்கே சட்டமொழியில் பெயர் பெற்றுள்ளது எனலாம். 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, நூறு தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களில் பணிக்குழு அமைக்க ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளித்தது. பொது அக்கறைக்குரிய பொருள்களில் கருத்துரைத்தல் அதன் பணிகளுள் ஒன்று. மேற்பார்வையின் தரம் இச்சொற்றொடருக்குள் அடங்கத் தடையில்லை. ஆனால் நடைமுறை வேறு திசையில் சென்றது. பணிநிலைகளில் பெருமாற்றம் செய்யக் குழு ஒப்பினும் அது தொழிலாளரைக் கட்டுப்படுத்தாது என நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் 1960 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம், இக்குழுக்கள் சோர்ந்தமைக்கு எல்லையின் தெளிவின்மை, சங்கங்களின் போட்டியும் எதிர்ப்பும், முதலாளிகளின் தயக்கம் ஆகியவற்றை 1969 இல் சுட்டியது.

2010 திருத்தம் இருபது தொழிலாளர் கொண்ட நிறுவனங்களிலும் குறைதீர்ப்புக் குழுவைக் கட்டாயமாக்கி, அதன் தலைமை ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறிமாறி வர வகைசெய்தது. கேட்கும் இருக்கையில் தொழிலாளரும் அமர்வர் என்பது 1922 ஐ நோக்கப் பெரிய மாற்றம். எனினும் அக்குழு கேட்பது தனியொருவரின் குறையை மட்டுமே. 2020 ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இவ்விரு குழுக்களையும் தக்கவைத்துள்ளது. மேலாளரை மதிப்பிடும் படிவங்களோ பெரும்பாலும் அலுவலகப் பணியாளரிடமே தரப்படுகின்றன. அவர்களுள் நிருவாகப் பொறுப்பினர் ‘தொழிலாளர்’ என்னும் சட்ட வரையறைக்கு வெளியே நிற்பதால், தாம் எழுதியதற்காகத் துன்புறுத்தப்படின் இக்குழுக்களின் கதவைத் தட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை.