அஷ்டன் தொகுதி கைமாறிய விதம்: மேக்ஸ் எய்ட்கனின் நாடாளுமன்ற வாழ்வு, 1910–1916

பீவர்புரூக் பிரபு என்றதும் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையும், இரண்டாம் உலகப் போரில் அவர் வகித்த விமான உற்பத்தி அமைச்சர் பதவியும் நினைவுக்கு வரும். அதற்கு வெகுமுன்பு, மேக்ஸ் எய்ட்கன் என்ற பெயரில் அவர் காமன்ஸ் சபையில் இருந்த ஆறு ஆண்டுகளை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பணம் சேர்த்தாயிற்று, இனி அரசியல் என்று தொழிலை மாற்றிக்கொண்டவர் என்பதே அவரைப் பற்றிய பொதுவான சித்திரம். அவர் தொழிலை மாற்றவே இல்லை என்பது என் வாதம். இதற்குச் சான்று தேடுபவர்கள் அவர் தொகுதியை வென்ற கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதை விட்டுக்கொடுத்த கதைதான் வலுவான சான்று.

முதலில் அந்தத் தொழில் என்ன என்று பார்க்கவேண்டும். 1879-இல் கனடாவில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த எய்ட்கன், காப்பீடும் கடன் பத்திரமும் விற்றுப் பழகியவர். 1903-இல் ஹாலிஃபாக்ஸ் நகரில் ராயல் செக்யூரிட்டீஸ் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டபோது அதை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் ஆலை கட்டியவரல்லர். பிறர் கட்டிய ஆலைகளைச் சேர்த்துவைத்தவர். ஒன்றையொன்று விலை குறைத்து விற்று நொந்துபோன நாலைந்து முதலாளிகளைத் தனித்தனியே பிடித்து, விற்கச் சம்மதம் வாங்கி, புதுக் கம்பெனி ஒன்றை மேலே நிறுத்துவார். கடன் பத்திரமும் முன்னுரிமைப் பங்கும் பொதுமக்களுக்குப் போகும். வருங்கால லாபத்தை நம்பி அச்சிட்ட சாதாரணப் பங்குகளில் கணிசமான பகுதி, சேர்த்துவைத்தவரின் கூலியாக அவரிடமே தங்கும். பாலில் எவ்வளவு தண்ணீர் என்பது பிறகுதான் தெரியும்.

1909-இல் கனடா சிமென்ட் இப்படி உருவாயிற்று. அடுத்த ஆண்டு ஸ்டீல் கம்பெனி ஆஃப் கனடா. சிமென்ட் இணைப்பு வழக்கும் வசையுமாகத் தொடர்ந்தது. உலக நேர மண்டலங்களுக்காக வாதாடிய பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங், தாம் சம்பந்தப்பட்ட எக்ஷா ஆலையைச் சேர்க்க எய்ட்கன் மறுத்ததும், இணைப்பில் அவர் அளவுக்கு மீறிச் சுருட்டினார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். எய்ட்கன் அதற்குள் இங்கிலாந்து சேர்ந்திருந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த கூட்டாளி போனார் லா. அவரும் பாதிரியார் மகன்; கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பிறந்தவர். கிளாஸ்கோவில் இரும்பு வணிகம் செய்து 1900-இல் நாடாளுமன்றம் புகுந்தவர். உறுப்பினர்களுக்குச் சம்பளமே இல்லாத காலம் அது; ஆண்டுக்கு 400 பவுன் என்ற ஏற்பாடு 1911-இல்தான் வந்தது. கைக்காசு உள்ள வணிகரை லாவின் கன்சர்வேடிவ் கட்சி வரவேற்றதில் வியப்பில்லை. 1910 டிசம்பர் தேர்தலில், நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன எய்ட்கனுக்கு அஷ்டன்-அண்டர்-லைன் கிடைத்தது. அது லங்காஷயர் பஞ்சாலை ஊர். தடையற்ற வணிகத்தை வேதமாகக் கொண்ட வட்டாரம். அதன் துணிக்கு இந்தியாதான் பெரிய சந்தை என்பதை நாம் மறக்கமுடியாது. சுங்கவரி பேசிவந்த இந்தப் புதுமுகம் அங்கே 196 வாக்கில் வென்றார். அதே தேர்தலில் பத்தாண்டு அனுபவமுள்ள போனார் லா, பக்கத்திலுள்ள மான்செஸ்டர் வடமேற்கில் 445 வாக்கில் தோற்றார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எய்ட்கனின் வெற்றியைக் கட்சி அலையின் கணக்கில் எழுதமுடியாது.

சபையில் அவர் பேசியது சொற்பம். வேலையெல்லாம் வெளியே, சாப்பாட்டு மேசைகளில் நடந்தது. 1911 நவம்பரில் கட்சித் தலைமைக்கு ஆஸ்டின் சேம்பர்லேனும் வால்டர் லாங்கும் முட்டிக்கொண்டபோது, நடுவில் போனார் லா நுழைய எய்ட்கன் தூண்டுகோலாக இருந்தார். 1916 டிசம்பரில் பிரதமர் அஸ்குவித்தைக் கவிழ்த்த நாட்களில் லாயிட் ஜார்ஜ், கார்சன், லா மூவரையும் இணைத்தவரும் அவரே. ஒருவரையொருவர் நம்பாத மூன்று முதலாளிகள், ஒரு புதுக் கம்பெனி என்று உவமை சொல்லத் தோன்றும். இங்கே சற்று நிதானிக்கவேண்டும். இந்தக் கதையைப் பெருமளவு நமக்குச் சொன்னது 1928-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சொந்த நூல். தரகர் எழுதிய வரலாற்றில் தரகர் பெரிதாகத் தெரிவது இயல்பு. லாயிட் ஜார்ஜின் ஆவணங்களையும் பிற்பாடு விலைகொடுத்து வாங்கியவர் அவர். ஆய்வாளர் எந்தக் கதவைத் தட்டினாலும் அவரே திறக்கிறார்.

ஆகவே அவர் வாய்மொழியைச் சாராத ஒரு நிகழ்வையே நான் முன்வைக்க விரும்புகிறேன். அஸ்குவித்துக்குப் பின் லாயிட் ஜார்ஜ் அமைத்த புதிய அரசில் வர்த்தக வாரியத் தலைமை தமக்கு வரும் என்று எய்ட்கன் எதிர்பார்த்தார். அது லண்டன் சுரங்க ரயில்களை நடத்திய ஆல்பர்ட் ஸ்டான்லிக்குப் போயிற்று. ஸ்டான்லி நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். அமைச்சராக நீடிக்க அவருக்கு ஒரு தொகுதி வேண்டும். எய்ட்கனுக்குப் பிரபு பட்டம் கொடுத்தால் அஷ்டன் காலியாகும். தகுதியான சேவை எதையும் காணோம் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முகம் சுளித்தார். ஆனாலும் பட்டம் வந்தது. கேட்டது கிடைக்காத தரகருக்குக் கொடுத்து முடித்த சாதாரணப் பங்கு அது. அவர் கையிலிருந்த ஒரே அரசியல் சொத்தான தொகுதி புது அமைச்சருக்கு மாற்றப்பட்டது. அந்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் ஸ்டான்லியை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் 196 வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுத்த ஊரில், இம்முறை வாக்குப்பெட்டியே வைக்கப்படவில்லை.