கொடுத்ததைத் திருப்பிக் கேளாதவன்: தகழியின் ‘செம்மீன்’

‘செம்மீன்’ என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது நிலா வெளிச்சத்தில் கடற்கரையில் தன்னந்தனியே பாடித் திரியும் பரீக்குட்டியின் உருவம்தான். 1965இல் ராமு காரியாட் எடுத்த திரைப்படமும், அதற்கு சலில் சௌதுரி அமைத்த இசையும், மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் அந்த உருவத்தை அழியாதபடி பதித்துவிட்டன. தென்னிந்தியாவிலிருந்து குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற முதல் படம் என்ற பெருமையோடு, ‘செம்மீன்’ என்றால் சேர முடியாத இருவரின் கதை என்ற எண்ணமும் நாடெங்கும் பரவியது. மீனவர் ஒருவரின் மகள், முஸ்லிம் வியாபாரி ஒருவன், நடுவே மதம், மேலே கடலம்மாவின் சாபம். இந்தச் சுருக்கத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் வெளியிட்ட நாவலைத் திறந்தால் முதலில் காதில் விழுவது காதல் மொழியன்று. அப்பா தோணியும் வலையும் வாங்கப் போகிறார் என்று கறுத்தம்மா பரீக்குட்டியிடம் சொல்கிறாள். கையில் இருக்கும் பணம் போதாது என்கிறாள். நீ கொடுப்பாயா என்று கேட்கிறாள். விளையாட்டாகவும் வெட்கத்தோடும் சிரிப்போடும் நடக்கிற பேச்சுத்தான் அது. ஆயினும் நாவலின் முதல் பேச்சே கடன் பேச்சு என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

இந்நாவலில் காதலர்களைப் பிரிப்பது மதம். ஆனால் பிரிந்தவர்களை விலக விடாமல் கட்டி இழுத்துக் கடைசியில் கொல்வது தீராத கடன். இதுவே இக்கட்டுரையின் துணிபு. மதமும் குலவழக்கமும் மட்டும் தடையாக இருந்திருந்தால், கறுத்தம்மாவின் கதை கடற்கரையில் பல பெண்களுக்கு நேர்ந்ததுபோலவே முடிந்திருக்கும்: ஒருவனை நினைத்திருப்பாள், மற்றொருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாள், காலப்போக்கில் அந்த நினைவு மங்கியிருக்கும். நாவலுக்குள்ளேயே அதற்கான வழி திறந்துதான் இருக்கிறது. தாய் சக்கி எச்சரித்த நாள் முதல் கறுத்தம்மா தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவே பாடுபடுகிறாள். கணவன் பழனியோடு போன பிறகு நல்ல மனைவியாக இருக்க மனமார முயல்கிறாள். அவளால் முடியாமல் போவது ஏன்?

அவள் தந்தை செம்பன்குஞ்சு வாங்கிய கடனின் இயல்பில்தான் விடை இருக்கிறது. பரீக்குட்டி பெருமுதலாளி அல்லன். கடற்கரையில் கருவாட்டுக் கொட்டகை போட்டுப் பிழைக்கும் சிறு வியாபாரி. அவன் பணமும் கொடுக்கிறான். இரவோடு இரவாகக் கொட்டகையில் இருந்த கருவாட்டையும் எடுத்துக் கொடுக்கிறான். அதற்குச் சீட்டு இல்லை, சாட்சி இல்லை, தவணை இல்லை. தோணி வந்தால் மீனைத் தன்னிடம் விற்க வேண்டும் என்ற ஒரே எதிர்பார்ப்புத்தான் உண்டு. தோணியும் வந்தது, மீனும் வந்தது. அவன் கரையில் போய் நின்றபோது செம்பன்குஞ்சு ரொக்கம் கேட்டான். கையில் பணம் இல்லாதவனை ஒதுக்கிவிட்டுப் பிறருக்கு விற்றான். நாவல் முழுவதிலும் இதைவிடக் கொடிய காட்சி எனக்குத் தென்படவில்லை. பிற்பகுதியில் வரும் சாவுகள் எல்லாம் இந்த இடத்திலேயே விதைக்கப்பட்டுவிடுகின்றன.

கணக்கில் எழுதிய கடனைக் கேட்கலாம், அடைக்கலாம், அடைத்தபின் எதிரே வருபவனை நிமிர்ந்து பார்க்கலாம். அன்பின் பேரில் கொடுத்ததற்கு அந்த வசதி கிடையாது. பரீக்குட்டி ஒருநாளும் திருப்பிக் கேட்பதில்லை. அந்த மௌனந்தான் கறுத்தம்மாவின் கழுத்தில் சுருக்காக விழுகிறது. கடனை அடைத்துவிடு என்று அவள் தாயை நச்சரிக்கிறாள். தாயும் மகளும் மீன் விற்ற காசில் ஒளித்துச் சேர்க்கப் பார்க்கிறார்கள். கறுத்தம்மாவுக்குப் பணத்தாசை கிடையாது. கல்யாணம் ஆகிப் போகுமுன் அவனுக்குத் தான் கடன்பட்டவள் அல்லள் என்று ஆகிவிட வேண்டும் என்பதே அவள் தவிப்பு. கடன் அப்படியே நிற்க, அவள் தாலி கட்டிக்கொண்டு போகிறாள். அதன்பின் பரீக்குட்டியை நினைக்கும்போதெல்லாம், நெஞ்சில் எழுவது ஆசையா, தன் குடும்பத்தால் கெட்டுப்போன ஒருவனுக்கான நன்றியும் குற்ற உணர்வுமா என்று அவளாலேயே பிரித்தறிய முடிவதில்லை. காதலை மறக்கலாம், தன் பொருட்டு ஓட்டாண்டியானவன் ஒருவன் கரையில் நிற்கிறான் என்பதை எப்படி மறப்பது?

சங்கிலியின் அடுத்த கண்ணிகளும் இதே உலையில் அடித்தவைதாம். யாருமற்ற பழனியைச் செம்பன்குஞ்சு மருமகனாகத் தேர்ந்தது அவன் கைவலிமையைத் தன் தோணிக்குச் சேர்த்துக்கொள்ள. உற்றார் உறவினர் இல்லாத ஒருவனுக்கு ஏன் இவ்வளவு அவசரமாகப் பெண்ணைக் கொடுக்கிறார்கள், பெண்ணிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற பேச்சு அங்கிருந்து கிளம்புகிறது. தாய் மயங்கி விழுந்த நிலையிலும் கறுத்தம்மா கணவனோடு புறப்படுகிறாள். தந்தை அவளைக் கைவிடுகிறான். சாகக் கிடக்கும் சக்கி, மகளுக்கு நீ அண்ணனாக இருக்க வேண்டும் என்று பரீக்குட்டியிடம் வாக்கு வாங்குகிறாள். அந்த வாக்கின்படிதான் தாயின் சாவுச் செய்தியைச் சொல்ல அவன் பழனியின் ஊருக்குப் போகிறான். தகப்பன் சொல்லி அனுப்பியிருக்க வேண்டிய செய்தியை அந்நிய ஆண் ஒருவன் கொண்டுவந்ததால் ஊர் வாய் திறக்கிறது. பழனியைத் தோணியில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். கூட்டாகக் கடலுக்குப் போய்வந்தவன் சிறு தோணியும் தூண்டிலுமாய்த் தனியே போகத் தொடங்குகிறான். இவற்றில் ஒரு கண்ணியையும் கடலம்மா கோக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அப்படியானால் முடிவு ஏன் அவ்வாறு அமைந்தது? மனைவியின் கற்பே கடலில் கணவனைக் காக்கிறது என்ற நம்பிக்கையை நாவல் தொடக்கத்திலேயே சொல்கிறது. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சேர்ந்த அதே இரவில் பழனி சுறாவால் இழுக்கப்பட்டுச் சுழலில் மடிகிறான். ஆசிரியரே சாபத்தை மெய்ப்பித்துவிட்டார் அல்லவா? ‘தோட்டியின் மகன்’ (1947), ‘இரண்டிடங்கழி’ (1948) ஆகியவற்றில் ஆலப்புழைத் தோட்டிகளையும் குட்டநாட்டு வயற்கூலிகளையும் பற்றி எழுதிய முற்போக்காளர், இதில் மூடநம்பிக்கைக்கும் கண்ணீருக்கும் இறங்கிவிட்டார் என்று கூறியவர்கள் உண்டு. கடற்கரை மக்களிடம் அப்படியோர் இறுகிய நம்பிக்கையே இல்லை, வெளியாள் ஒருவர் அதை அவர்கள்மேல் சுமத்திவிட்டார் என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. இரண்டாவது குறையில் நியாயம் இருக்கிறது. கூடையைத் தலையில் ஏற்றி ஊர் ஊராகப் போய் மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் வாழ்வுக்கும், அந்தப் பெண்களைக் கரையில் தவமிருக்கச் சொல்லும் கதைக்கும் உள்ள முரணை நாவல் இன்னும் ஆழமாகத் துருவியிருக்கலாம். முடிவு தற்செயல் ஒன்றின்மேல் மிகையாகச் சாய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சாபம் மெய்யானது என்று படிப்பவர்கள், அது யாரைத் தொடுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாவலில் கடற்கரையின் கட்டளைகளை முதலில் மீறியவன் செம்பன்குஞ்சு. தோணியும் வலையும் வாங்கும் உரிமை வலைக்காரர் குலத்துக்கு மட்டுமே என்ற பழைய வழக்கை அவன் உடைக்கிறான். கடற்கரைத் தலைவனான துறையரயனுக்குச் சேர வேண்டிய மரியாதையைத் தட்டிக் கழிக்கிறான். கொடுத்த வாக்கை விழுங்குகிறான். இவ்வளவுக்கும் கடல் அவனுக்கு மீனை வாரிக் கொடுக்கிறது. இரண்டாவது தோணியும் வாங்குகிறான். இறந்துபோன தோணிக்காரரின் மனைவி பாப்பிக்குஞ்ஞைத் தனக்கு மனைவியாகக் கொண்டுவருகிறான். அவன் பின்னால் பித்தாகிறான் என்றால், அது வீட்டுக்குள் முளைத்த பூசலாலும் தோல்வியாலும் வந்தது. கடல் ஒரு பெண்ணின் மனத்தை மட்டும் கண்காணிக்கிறது, ஆணின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. இந்த ஓரவஞ்சனையைத் தகழி எந்தப் பாத்திரத்தின் வாயாலும் சொல்ல வைக்கவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய முறையிலேயே காட்டிவிடுகிறார். பழனியைத் தனியே கடலுக்கு அனுப்பியது ஊர் விலக்கு. நம்பிக்கை கொல்கிறது என்றால் அது மனிதக் கைகளைக் கொண்டுதான் கொல்கிறது.

இவ்வாறு படிப்பதற்கு ஆசிரியரின் வாழ்க்கையும் இடம் தருகிறது. 1912இல் குட்டநாட்டின் தகழி என்னும் ஊரில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்ற நாட்களில் கேசரி பாலகிருஷ்ண பிள்ளையின் வட்டத்தில் ஐரோப்பியச் சிறுகதைகளோடு பழகியவர். பிறகு அம்பலப்புழை நீதிமன்றத்தில் வக்கீலாகத் தொழில் செய்தவர். வயலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சிற்றூர் வக்கீலின் மேசைக்குப் பெரும்பாலும் வருவது பாகமும் பற்றும் அடமானமும்தான். ‘இரண்டிடங்கழி’ என்ற தலைப்பே கூலி அளக்கும் அளவிலிருந்து வந்தது என்பதை நினைத்தால், ‘செம்மீன்’ வழிதவறிப் பிறந்த பிள்ளையாகத் தோன்றாது. முன்னைய நாவல்களில் சுரண்டுபவன் மேலே இருந்தான். இதில் ஏழை ஏழையைச் சுரண்டுகிறான், அதுவும் அன்பைப் பயன்படுத்தி. இது இன்னும் கடினமான பொருள். 1957க்கான சாகித்திய அகாதெமி விருதும், 1984க்கான ஞானபீடமும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் கடனைப் பற்றிய நாவலின் இந்தப் பகுதி போதுமான அளவு பேசப்படவில்லை என்பதே என் ஆதங்கம்.

சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் ‘செம்மீனை’ அறிந்த தமிழருக்குக் கூடுதலாக ஓர் இடர்ப்பாடு உண்டு. கடலும் காதலும் சேர்ந்தாலே நமக்கு நெய்தல் திணை நினைவுக்கு வந்துவிடும். நெய்தலுக்கு உரியது இரங்கல் என்று மனம் உடனே இலக்கணம் சொல்லிவிடும். ஆகவே பரீக்குட்டியின் பாட்டை இரங்கலாகக் கேட்டுக் கண்கலங்கி நின்றுவிடுகிறோம். ஆனால் அதே நெய்தலில், தேர்ச் செல்வனின் மகனிடம் தோழி, இவள் மீன் பிடிக்கும் பரதவர் மகள், எங்கள்மேல் புலால் நாறும், நீ விலகி நில் என்று சொல்லும் பாட்டும் நற்றிணையில் இருக்கிறது. பொருள்நிலையை மறக்காமல் காதலைப் பேசிய மரபு நம்முடையது. அந்தக் காதோடு கேட்டால் ‘செம்மீனில்’ கணக்கின் ஓசையும் கேட்கும்.

நாவலின் கடைசியில் தழுவிய நிலையில் இரண்டு உடல்கள் கரை ஒதுங்குகின்றன. தூண்டில் விழுங்கிய சுறாவும் வேறோரிடத்தில் ஒதுங்குகிறது. பலர் அத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் கரையில் இன்னும் ஒருத்தி நிற்கிறாள். தாய் இல்லை, தகப்பன் பித்தன், அக்காவும் போய்விட்டாள்; கறுத்தம்மாவின் தங்கை பஞ்சமி, அக்காவின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அந்தக் குழந்தை ஒரு பெண் குழந்தை.