கம்ப்யூட்டரை பூட்டி பணம் பறிக்கும் கும்பல்: சின்ன கடைக்காரர்கள் தப்பிப்பது எப்படி?

கடைப்பூட்டை உடைத்து கல்லாவில் இருப்பதை அள்ளிக்கொண்டு ஓடும் திருடர்களை பார்த்திருக்கிறோம். இந்த திருடர்கள் வேறு ரகம். கடைக்கு வருவதே இல்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, உங்கள் கம்ப்யூட்டருக்கு பூட்டு போட்டுவிடுகிறார்கள்!

பில் போடும் சாப்ட்வேர் திறக்காது. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் திறக்காது. "பணம் கொடுத்தால் சாவி தருகிறோம்" என்று ஒரு மிரட்டல் மட்டும் திரையில் நிற்கும். இதற்கு பெயர்தான் 'ரான்சம்வேர்'. பிணைத்தொகை கேட்கும் வைரஸ் என்று சொல்லலாம்.

கடை கணக்கு தொலைந்தால் வியாபாரம் மட்டும் படுக்காது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யும் கடைசி தேதியில் இருந்து 72 மாதம் கணக்குகளை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

கோட்டையையும் விடவில்லை

"நம்ம சின்ன கடையை எவன் சீண்டப்போறான்?" என்ற நினைப்புதான் ஆபத்து. இந்த கும்பல்கள் பெரும்பாலும் ஆள் பார்த்து அடிப்பதில்லை. இணையத்தில் வலைவீசி, எந்த கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைகிறார்கள்.

2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறை கம்ப்யூட்டர்களே இதில் சிக்கின. மர்ம ஆசாமிகள் 1,950 டாலர் கேட்டு மிரட்டினர். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி தாக்கப்பட்டது. சுமார் 2 வாரம் நோயாளிகள் பதிவு முதல் பல வேலைகளை கைப்பட எழுதியே ஓட்டினார்கள்.

700 பேர் வேலை போச்சு

இது முதலாளியின் தலைவலி மட்டும்தான் என்று ஊழியர்கள் இருந்துவிட முடியாது. இங்கிலாந்தில் 158 ஆண்டு பழமையான 'கே.என்.பி.' என்ற லாரி கம்பெனி 2023-ல் தாக்கப்பட்டது. ஊழியர் ஒருவரின் எளிதான பாஸ்வேர்டை ஊகித்து கும்பல் உள்ளே புகுந்ததாக கருதப்படுகிறது. கம்பெனி இன்சூரன்ஸ் கூட எடுத்து வைத்திருந்தது. ஆனால் தகவல்கள் திரும்ப கிடைக்கவில்லை. அதே ஆண்டு கம்பெனி இழுத்து மூடப்பட்டு, சுமார் 700 பேர் வேலை இழந்தனர்.

காப்பாற்றிய 'கரண்ட் கட்'

2017 ஜூனில் 'நாட்பெட்யா' என்ற வைரஸ் உலகை உலுக்கியது. கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கின் முக்கிய சர்வர்கள் ஒன்றுவிடாமல் காலி. ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அந்த நேரம் பார்த்து கரண்ட் போனதால், அது நெட்வொர்க்கில் இணையாமல் கிடந்தது! அதில் இருந்த தகவலை விமானத்தில் லண்டனுக்கு கொண்டுபோய்தான் கம்பெனி மீண்டு எழுந்தது.

கடைக்காரர்களுக்கு பாடம் இதுதான். கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் எதையும் வைரஸ் தின்றுவிடும். வயரை கழற்றி தனியே வைத்ததுதான் மிஞ்சும்.

பேக்கப் எடுப்பது எப்படி?

* கணக்கு மொத்தம் 3 பிரதியாக இருக்கட்டும். அவை 2 விதமான இடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

* 2 ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாற்றி பேக்கப் எடுங்கள். எடுத்து முடித்ததும் வயரை கழற்றிவிடுங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டு பீரோவில். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க் பேக்கப்பே அல்ல.

* கூகுள் டிரைவில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக்கூடாது. தானாக 'சிங்க்' ஆகும் என்றால், கெட்டுப்போன பைலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பிரதியை திரும்ப எடுக்கும் வசதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

* மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் போட்டு திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கதவை சாத்துங்கள்

2017 மே 12-ந்தேதி பரவிய 'வானாக்ரை' வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களை முடக்கியது. கூத்து என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2 மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

எனவே 'அப்புறம் பார்க்கலாம்' என்று அப்டேட்டை தள்ளாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே பில் போடுபவர்கள் சர்வீஸ் ஆளிடம் பேசுங்கள்.

ஓசியில் கிடைக்கிறது என்று 'கிராக்' சாப்ட்வேர் போடுவது, திருடனுக்கு சாவி கொடுப்பது மாதிரி. 'பில்', 'கொரியர்' என்ற பெயரில் முன்பின் தெரியாதவர் அனுப்பும் பைலை திறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்கு போன் போட்டு கேளுங்கள்.

வெளியில் இருந்து கம்ப்யூட்டரை இயக்கும் 'ரிமோட்' வசதியை வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கடை பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம். இமெயிலுக்கு ஓ.டி.பி. பாதுகாப்பும் போட்டு வையுங்கள்.

மாட்டிக்கொண்டால்...

1. உடனே நெட் வயரை பிடுங்குங்கள். வை-பையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஆப் செய்ய வேண்டாம், தடயம் அழியலாம். இணைப்பை துண்டிக்க வழியே இல்லை என்றால் மட்டும் ஆப் செய்யலாம்.

2. மிரட்டல் வாசகத்தை செல்போனில் படம் எடுங்கள்.

3. பதற்றத்தில் பேக்கப் டிஸ்க்கை அந்த கம்ப்யூட்டரில் செருகிவிடாதீர்கள். அதுவும் போய்விடும்.

4. 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்கு தெரிவிக்க வேண்டும் என்பது 2022-ம் ஆண்டு உத்தரவு.

5. வேறு கம்ப்யூட்டரில் இருந்து இமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

6. எந்த வழியாக வைரஸ் வந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகே, எல்லாவற்றையும் அழித்து புதிதாக விண்டோஸ் போட்டு பேக்கப்பை ஏற்றுங்கள். ஓட்டையை விட்டுவிட்டால் மறுபடியும் வருவான்.

பணம் கொடுக்கலாமா?

கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 'நாட்பெட்யா'வில் பணம் கட்டியும் பலன் இல்லை. பைல்களை மீட்க அதில் வழியே வைக்கவில்லை. சில வகை வைரஸ்களுக்கு இலவச சாவி, ஐரோப்பிய போலீசார் பங்கேற்கும் 'நோ மோர் ரான்சம்' இணையதளத்தில் கிடைக்கிறது. அதனால் பூட்டப்பட்ட பைல்களையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இன்று இல்லாத சாவி நாளை வரலாம்.

எல்லாம் சரியாகும் வரை கல்லா ஓட வேண்டுமே? ஒரு பில் புக், விலைப்பட்டியல், சர்வீஸ் ஆளின் போன் நம்பர் ஆகியவற்றை பேப்பரில் எழுதி மேஜை டிராயரில் வையுங்கள். பேப்பரை எந்த வைரசாலும் பூட்ட முடியாது.